நான் அடித்த மீன்

1

ஜெனி, அமல்,

கோட்டூர்புரம் நூலகத்துக்கு முதல் தடவை வந்தபோது தெரியாமல் குழந்தைகள் பகுதிக்குள் போய்விட்டேன். சின்னச் சின்ன நாற்காலி, சுவரெல்லாம் படம். முழங்கால் மோவாயில் இடிக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். காவலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

“சார், பசங்க எங்க?”

“நியூசிலாந்துல.”

அவர் சிரிக்கவில்லை. “அப்போ மேல போயிருங்க சார். இது பசங்களோட வர்றவங்களுக்கு.”

அதனால் மேல் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால், ஜெனி, உன் சனிக்கிழமைத் தமிழ் டீச்சரிடம் காட்டாதே. நீ மெதுவாக எழுத்துக் கூட்டிப் படி. அமலுக்கு நீயே படித்துச் சொல். அம்மாவைப் படிக்கச் சொல்லிவிட்டுக் காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதே. நடுவில் உனக்கென்று ஒன்று இருக்கிறது. அது உன் வாயாலேயே உன் காதில் விழ வேண்டும்.

போன வாரம் அமல் ஃபோனில் கேட்டான்: “அப்பா, ஆர் யூ இன் ஜெயில்?”

“இல்லடா. சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில இருக்கேன்” என்றேன். பின்னால் நீ சிரித்தது கேட்டது. அமல் சிரிக்கவில்லை. “தென் கம்” என்றான்.

அவனுக்கு ஏழு வயது. ‘வர முடியாதுடா’ என்று சொன்னால் ஏன் என்பான். ஏன் என்பதற்கு ஒரு மீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

பதினான்கு நாளுக்குத்தான் வந்தேன். உங்கள் ஆயா, என் அம்மா, போன வருடம் இறந்தபோது என்னால் வர முடியவில்லை. தம்பி சேவியர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். பெட்டி இறங்குவதை அங்கே வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்தேன். அதனால் முதல் வருடத் திருப்பலிக்காவது நான் இருக்க வேண்டும் என்று கிளம்பினேன். சாந்தோமில் பூசை, கல்லறையில் பூ, குப்பத்துச் சனத்துக்கு மதியச் சாப்பாடு. முடித்துவிட்டுத் திரும்ப வேண்டியது.

என் பழைய விசா அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. புதியதற்கு அங்கிருந்தே மனு போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். உங்கள் அம்மா ஸ்டெல்லா நர்ஸ். அவளோடு ஒட்டிய விசாதான் என்னுடையது. தானாக வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழையது முடிந்தது. புதியதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரு கேள்வி. அதற்கு நான் சொல்லும் விளக்கத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டால் வரலாம். ஏற்காவிட்டால் எப்போது வருவேன் என்று யாருக்கும் தெரியாது.

அக்டோபரில் நம் ஊர் ஆறு மீன் பிடிக்கத் திறக்கும். முதல் நாள் ஜெனியோடு தண்ணீரில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது செப்டம்பர். (நம் ஊர் என்று எழுதிவிட்டு நானே ஒரு தடவை நிறுத்திப் பார்க்கிறேன். சாந்தோமில் பிறந்தவன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற ‘நம் ஊர்’ எது? இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் இருக்கிற ஊர்.)

என் நாள் எப்படி என்று கேட்டால், காலை பத்தரை மணியோடு முடிந்துவிடும். அங்கே அலுவலகம் மாலை ஐந்துக்கு மூடும்போது இங்கே பத்தரை. விடிந்ததிலிருந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பேன். பத்தரை தாண்டினால் அன்றைக்கு இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு வெயில் ஏறும், மதியம் கடல்காற்று திரும்பும், சாயங்காலம் வரும். எனக்கு ஒன்றும் இல்லை. சேவியர் கடலுக்குப் போய்விட்டு வந்து தூங்குவான். அவன் மனைவி விமலா மீன் கூடையோடு கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டு வருவாள். நான் மட்டும் விருந்தாளியும் இல்லை, வீட்டாளும் இல்லை. முதல் வாரம் எனக்குத் தனியாக வஞ்சிரம் வறுத்தாள். இப்போது எல்லோருக்கும் வைக்கிற நெத்திலிக் குழம்புதான். அதுதான் எனக்கும் நல்லது.

3

அமல், உனக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவும் அப்பாவும் ஏன் கயிற்றைக் காற்றில் ஆட்டுகிறோம் என்று நீ கேட்டிருக்கிறாய்.

இங்கே எங்கள் கைத்தூண்டிலில் ஈயக் குண்டு இருக்கும். குண்டை எறிந்தால் முள் பின்னாலேயே போகும். உங்கள் ஆற்றுத் தூண்டிலில் முள்ளின் மேல் கொஞ்சம் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலச் செய்து வைத்திருப்பார்கள். அதற்கு எடையே கிடையாது. ஊதினால் பறக்கும். அதை எப்படி எறிவது? எறிய முடியாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்கிறார்கள். கழியால் அந்தக் கயிற்றைப் பின்னால் வீசி, முன்னால் வீசினால், கயிறு பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் மெல்ல வைக்கும். கயிற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு. அதன் நுனியில் பூச்சி. மேலே பூச்சி விழுந்ததென்று மீன் நம்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

சொல்வது சுலபம். அக்கா அதைத் தன் பள்ளிக்கூடத்துக் குழுவில் இரண்டு வருடம் கற்றாள். அந்த இரண்டு வருடத்தில்தான் அவள் சாப்பாட்டு மேசையில் பேசுவதைக் குறைத்தாள். நான் தமிழில் கேட்பேன், இங்கிலீஷில் ஒரு சொல் வரும். பிறகு அந்த ஒரு சொல்லும் தோளைக் குலுக்குவதாக மாறியது. நான் மீன் பொதி செய்கிற ஆலையிலிருந்து வந்தால், “அப்பா, ஸ்மெல்” என்று கதவைச் சாத்திக்கொள்வாள். தப்பென்று சொல்லவில்லை. அந்த வாடையில் பிறந்தவனுக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாக வந்து, “அப்பா, நீங்க ஃபிஷர்மேன்தானே? என்கூட வரீங்களா?” என்றாள். ஜெனி, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் நான் காட்டவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு கழி வாங்கினேன். நீ எப்படி வீசுவது என்று காட்ட வந்தபோது, “மீன் பிடிக்க எனக்கே கத்துக் குடுக்கிறியா?” என்று கேட்டேன். அந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

என் வீச்சு எப்படி இருந்தது என்று நீ சொன்னாய்: “யூ லுக் லைக் யூ ஆர் த்ரோயிங் சம்படி அவுட்.” உண்மைதான். வீச்சு வலை வீசுகிறவன் இடுப்பைத் திருப்பி, கையை முழுசாக நீட்டி, கடைசியில் விட்டுவிடுவான். நான் இருபத்தைந்து வயது வரை அப்படித்தான் வீசினேன். உன் தூண்டிலில் எதையும் விடக் கூடாது. கை காதுப் பக்கம் வந்ததும் சட்டென்று நிற்க வேண்டும். எனக்கு நிற்கவில்லை. கயிறு என் தலையைச் சுற்றியது. பூச்சி என் தொப்பியில் மாட்டியது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன்னை அவ்வளவு சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் இன்னும் இரண்டு தடவை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டேன்.

பிறகு மீன் கடித்தது.

அது என் திறமை இல்லை. பூச்சி தண்ணீரில் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது, ஒரு ட்ரவுட் அதன் மேல் விழுந்தது. கரைக்குக் கொண்டுவந்தேன். முழங்கை நீளம்கூட இல்லை. வயிற்றுப் பக்கம் மஞ்சள், மேலே சிவப்புப் பொட்டு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வலையோ, புதுத் தூண்டிலோ, முதல் மீன் வீட்டுச் சட்டிக்குத்தான். விற்கக் கூடாது. ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. திரும்பத் தண்ணீரில் போடவே கூடாது. போட்டால் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். அம்மா செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா இருந்திருந்தால் அந்த மீனைப் புளி கரைத்து வைத்திருப்பார் என்றுதான் என் மனதில் ஓடியது. கல்லை எடுத்துத் தலையில் ஒரே அடி.

“அப்பா, நோ!” என்று நீ கத்தியது அடிக்குப் பிறகா முன்னாலா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். முன்னால்தான். கை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த இடத்தில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். நீ அதை எனக்கு வண்டி நிறுத்திய இடத்திலேயே படித்துக் காட்டியிருந்தாய். சும்மா எழுதி வைப்பார்கள் என்று நினைத்தேன். தொப்பி போட்ட ஒரு அம்மா வந்தார்; ஆற்றுக்குக் காவல் பார்ப்பவர். கோபமே இல்லாமல் பேசினார். பெயர், விலாசம் கேட்டு, மீனையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். அபராதத்தைக் கட்டினேன். தாளைச் சமையலறை இழுப்பறையில் பீட்சா கடை விளம்பரங்களோடு போட்டேன். வண்டியில் வீடு வரும் வரை நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். அன்றைக்கு எல்லோருக்கும் ரொட்டிதான்.

4

பிறகு அந்த மனு. என் இங்கிலீஷ் போதாது என்று உன்னைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். நீ படித்தாய், தமிழில் சொன்னாய், நான் பதில் சொன்னேன், நீ அழுத்தினாய். காசநோய் உண்டா? இல்லை. ராணுவத்தில் இருந்தீர்களா? இல்லை. இல்லை, இல்லை என்று வேகம் பிடித்துவிட்டது. அப்போது நீ நிறுத்தினாய்.

“அப்பா, இதுல எந்தச் சட்டத்துக்காவது ஃபைன் வாங்கினீங்களான்னு கேக்குது.”

“இல்லைன்னு போடு.”

“அப்பா. த ஃபிஷ்.”

“அது மீனும்மா. அதெல்லாம் ஒரு குற்றமா? இல்லைன்னு போடு.”

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அழுத்தினாய்.

இதைப் படிக்கிற வேறு யாராவது இருந்தால், இவன் பொய் சொல்லத் துணிந்தவன் என்று நினைப்பார்கள். சத்தியமாக அப்படி இல்லை. திருடினால் குற்றம், அடித்தால் குற்றம், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் குற்றம். மீனைப் பிடித்துக் கொன்றதற்குக் குற்றம் என்று ஒரு பெயர் இருக்கும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. என் அப்பா அதைச் செய்துதான் எங்களை வளர்த்தார். ஆனால் உனக்கு ஏறியிருந்தது. நீ கேட்டாய். அதுதான் முக்கியம்.

5

அபராதத்தை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டு அந்தக் கடிதம் வந்த பிறகு முதல் மாதம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் மாட வீதிக் கடையில் தடித்த பருத்திக் கயிறு தொங்குவதைப் பார்த்தேன். வாங்கி வந்து, அம்மாவின் கல்லறையில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை அதன் நீளத்துக்கும் தேய்த்தேன். கனம் வந்தது. சேவியரின் உடைந்த தூண்டில் கழியில் மெல்லிய மேல்துண்டு இருந்தது. நுனியில் முள் இல்லாமல் சிவப்புக் கம்பளி நூல் ஒரு முடிச்சு. மொட்டை மாடிக்குப் போனேன். அக்டோபருக்குள் வீசக் கற்றுக்கொண்டுவிட வேண்டும், ஜெனி பார்த்து அசந்துபோக வேண்டும் என்று திட்டம்.

அந்த மாடியில் நீங்கள் நின்றதில்லை. நாலு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, டிஷ் கிண்ணங்கள், குறுக்கும் நெடுக்கும் கேபிள் வயர், துணி காயும் கொடி. தாண்டினால் கடல். கண்ணுக்கு எட்டும் வரை கடல் இருக்கிறது, கயிற்றைப் பின்னால் வீச எட்டடி கிடையாது. முதல் நாளே விமலாவின் புடவையில் மாட்டினேன். இரண்டாம் நாள் எதிர் வீட்டுக்காரரின் பனியனைக் கீழே தள்ளினேன்.

விமலா துணி எடுக்க வந்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். “இன்னா மாமா, காக்கா ஓட்டிக்கினு கீறீங்களா?”

“மீன் பிடிக்கப் பழகறேன்மா.”

“கடல் அங்க கீது. இங்க தொட்டில பாசிதான் கீது.”

சேவியர் தூக்கம் கலைந்து வந்தான். “ண்ணா, யாருக்கு சாமரம் வீசிக்கினு கீற?” என்றான். பிறகு நான் விளக்கிச் சொன்னேன். இறகு, கயிறு, ட்ரவுட், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, புட்சிட்டு?” என்றான்.

“விட்டுடணும்.”

“புட்சிட்டு வுட்டுடணும்.”

“ஆமா.”

“அதுக்கு அது தண்ணிலயே இருக்கட்டுமேண்ணா. அது பாட்டுக்கு.”

நான் திரும்பக் கயிற்றை வீசினேன். பழகப் பழக ஒன்று புரிந்தது. கயிற்றைப் பின்னால் வீசிவிட்டு, அது முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும் வரை கை சும்மா நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் தோள் கலைந்துவிடும். பார்க்காமல் நிற்க வேண்டும். அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் சாட்டை மாதிரிச் சத்தம் வரும், நுனி அறுந்துபோகும். எனக்குத் தினமும் அந்தச் சத்தம்தான் வந்தது. கம்பளி நூல் பறந்து பறந்து, அந்தக் கட்டடத்தில் யார் துணியை எடுத்தாலும் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும்.

6

தி. நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னால், பாத்திரக் கடை மேல் மாடியில் முரளி என்று ஒரு ஏஜென்ட். விசா காரியம் பார்ப்பவர். கெட்டவர் இல்லை, என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, எதையோ தட்டி, ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

“சிம்பிளா முடிச்சிடலாம் சார். ‘எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படிவத்தைப் படிச்சி நிரப்பினது என் மகள். அவ அந்தக் கேள்வியை எனக்குச் சரியா விளக்கல.’ அவ்ளோதான். கையெழுத்துப் போடுங்க.”

“அவ விளக்கினா சார்.”

“பதிமூணு வயசுப் பொண்ணு சார். மைனர். அவளை யார் இன்னா பண்ணப் போறாங்க? கிளிக் பண்ணினது யாரு? அவதானே? அப்போ பொய்யே இல்லியே.”

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பொய்யே இல்லை. விரல் உன்னுடையது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு வரேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் அது நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டாய். அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள் போல.

“அப்பா, ஜஸ்ட் ஸே இட் வாஸ் மீ. நான்தானே கிளிக் பண்ணினேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஐ டோன்ட் மைண்ட். நீங்க வாங்க.”

அவ்வளவு தமிழ் நீ ஒரே மூச்சில் பேசி ஒரு வருடம் இருக்கும்.

ஜெனி, இதுதான் உனக்கென்று நான் சொன்னது. அப்போது நான் ‘வேண்டாம்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். “பார்க்கலாம்” என்றேன்.

அந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

7

அதே நாள் சேவியருக்குப் படகில் வேலை இல்லை. “வாண்ணா, மாடில காத்தப் புட்சது போதும், தண்ணிக்குப் போலாம்” என்று அடையாறு கடலில் சேரும் இடத்துக்குக் கூட்டிப்போனான். உடைந்த பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி மணல் திட்டு. சேவல் இறகைச் சுற்றி, இறால் குஞ்சு மாதிரி ஒன்று செய்து முள்ளில் கட்டியிருந்தேன். முரளி எழுதிய தாள் இன்னும் சட்டைப்பையில்.

அங்கே முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கொடி இல்லை, வயர் இல்லை. பின்னால் வீசினேன், நின்றேன், முன்னால் வீசினேன். சத்தம் வரவில்லை. கயிறு நீளமாக உருண்டு போய், இறகு தண்ணீரில் ஒரு வட்டம்கூடப் போடாமல் உட்கார்ந்தது.

சேவியர் பீடியை வாயிலிருந்து எடுத்தான். “ஏய், நல்லாகீதுண்ணா!”

எட்டோ ஒன்பதோ வீச்சு. மடவை மீன்கள் அங்கங்கே துள்ளின, இறகைச் சீண்டவில்லை. பிறகு இறகு இருந்த இடத்தில் தண்ணீர் குழிந்தது. வெள்ளியாக ஒரு பக்கம் திரும்பியது. சின்னக் கொடுவா.

“இழு! இழுண்ணா, இழு!”

இழுத்தேன். கைத்தூண்டில்காரன் இழுக்கிற இழுப்பு, தோளிலிருந்து. மெல்லிய நரம்பு டப்பென்று அறுந்தது. கயிறு என் காலடியில் வந்து விழுந்தது. கொடுவா என் இறகை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டது. இதை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்: கடித்தால் கழியை மெதுவாகத் தூக்கு, அவ்வளவுதான்.

சேவியர் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான். “சே! என் தப்புண்ணா.”

“இழுத்தது என் கைடா.”

“சொன்னவன் நானில்ல? இழு இழுன்னு நான் கத்தினா உன் கை இன்னா பண்ணும்? என் தப்புதான், வுடு.” மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “உன் ஆபீசருக்குச் சொல்லு, ஒண்ண வுட்டுட்டேன்னு.”

அவன் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. அடுத்த நிமிடம் டீ குடிக்கலாமா என்று கேட்டான். எனக்குத்தான் சட்டைப்பை கனத்தது. அறுந்த ஒரு நூலுக்கு என் தம்பி யோசிக்காமல் சொன்னதை, என் மகளுக்கு நான் சொல்லவில்லை.

8

திரும்ப தி. நகர் போனேன். இந்த நூலகத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதிய தாளை முரளி முன்னால் வைத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: மீனை நான் அடித்தேன். அபராதம் நான் கட்டினேன். படிவத்தில் அந்தக் கேள்வி வந்தபோது என் மகள் மீனை ஞாபகப்படுத்தினாள். ‘இல்லை’ என்று போடச் சொன்னது நான். எங்கள் குடும்பம் மீன் பிடிக்கிற குடும்பம், அது குற்றம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

முரளி இரண்டு தடவை படித்தார். “சார், பொண்ணு ஞாபகப்படுத்தினான்னு நீங்களே எழுதினா, தெரிஞ்சே மறைச்சீங்கன்னு ஆயிடும். இந்த ஒரு வரியை எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும்.”

“அந்த வரிதான் சார் வேணும்.”

“ரிஜெக்ட் ஆனா மறுபடி முதல்லேருந்து. வருசக்கணக்காகூட ஆவலாம்.”

“தெரியும் சார்.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, “அம்மா, இத அப்டியே இங்கிலீஷ்ல அடி. எதையும் நல்லாக்காத” என்றார்.

அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பதில் வரவில்லை. சரியாகச் செய்துவிட்டால் உள்ளே லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வாசல் அதே மாதிரித்தான் சாத்தியிருக்கிறது. இரண்டு நாள் முன்னால் விமானம் ஒன்று தாழப் பறந்தபோது, மாடியில் நின்று கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். ஆனால் உன்னிடம் ஃபோனில் பேசும்போது குரலைச் சரி செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஒருவேளை அவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல். எனக்காக எதையும் சேர்க்காதே. நான் “பார்க்கலாம்” என்று சொன்னதை மட்டும் மறந்துவிட முடியுமா என்று பார். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

ஆறு திறக்கிற அன்றைக்கு எனக்காகக் காத்திருக்காதே. அமலைக் கூட்டிக்கொண்டு போ, அம்மா வண்டி ஓட்டுவாள். என் கழி துணி துவைக்கிற அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நுனியில் நான் போன சீசனில் கட்டிய முடிச்சு இருக்கும். அதை நம்பாதே. வெட்டி எறிந்துவிட்டு நீயே புதிதாகக் கட்டு. அமலுக்கு முள் இல்லாமல் கம்பளி நூல் கட்டிக் கொடு. அவன் இடுப்பைத் திருப்பி வீசுவான், என் பிள்ளை. சிரிக்கலாம், திட்டாதே. பின்னால் போன கயிற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்.

மீன் வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடி. காய்ந்த கை அதன் மேல் தோலை எடுத்துவிடும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். தண்ணீரை விட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்று. அது போவதை ஃபோனில் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டாம். அடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

மணி பத்து இருபது. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

அப்பா